பிரசவ விடுப்பு முடிந்து வந்தால் கோடிங் போய்விட்டது, மினிட்ஸ் எழுதுகிறேன். என்ன செய்யலாம்?

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சாங்கி பிஸினஸ் பார்க்கில் பேமெண்ட் தொடர்பான கம்பெனி ஒன்றில் பேக்எண்ட் டெவலப்பர், வயது 34, இபி (எம்ப்ளாய்மெண்ட் பாஸ்) என்ற வேலை அனுமதியில் இருக்கிறேன். குழந்தை பிறந்து 12 வார விடுப்பு முடிந்து வந்தேன் (பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் இல்லை என்பதால், குடிமகனாக இருந்தால் கிடைக்கும் 16 வாரம் நமக்கில்லை, இந்தப் பன்னிரண்டிலும் சட்டப்படி முதலாளி சம்பளம் தரவேண்டியது முதல் 8 வாரத்துக்குத்தான்). வந்து பார்த்தால் நான் ஆரம்பத்திலிருந்து எழுதிய செட்டில்மெண்ட் மாட்யூல் (பணம் கைமாறுவதை முடித்துவைக்கும் மென்பொருள் பகுதி) வேறு ஒருவரிடம் இருக்கிறது. நான் இல்லாதபோது யாராவது பார்த்துத்தானே ஆகவேண்டும், அதில் வருத்தமில்லை. திருப்பித் தரவில்லை என்பதுதான் வருத்தம். "சின்னக் குழந்தை இருக்கு, நைட் சப்போர்ட் எல்லாம் வேண்டாம், நீங்க வெண்டார் கோஆர்டினேஷன் பாருங்க, உங்களுக்குத்தான் பொறுமையா பேச வரும்" என்று டீம் லீட் சொன்னார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் சொன்னார், அதனால் அப்போது என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

இப்போது நான் செய்வது ரிலீஸ் நோட்ஸ், டெஸ்ட் சைன்ஆஃப் (சோதனை முடிந்தது என்ற ஒப்புதல்) கேட்டு ஆட்களைத் துரத்துவது, மீட்டிங் மினிட்ஸ். என் பெயரில் ஒரு கமிட் (கோட் பதிவு) விழுந்து மாதக்கணக்கில் ஆகிறது. அடுத்த வருடம் பாஸ் புதுப்பிக்க வேண்டும். இபிக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளி ஆனது, அது ஆரம்ப வயதுக்காரர்களுக்கு. வயது கூடக் கூட வரம்பும் கூடி நாற்பதுகளின் நடுவில் 10,700க்குப் போகிறது. இன்கிரிமெண்ட் இல்லாமல் நின்ற இடத்திலேயே நின்றால் பாஸ் கையை விட்டுப் போகும், கோஆர்டினேஷன் வேலைக்கு இன்கிரிமெண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் அம்மா இருந்தவரை சமாளித்தேன். விசிட் பாஸ் முடிந்து திருச்சிக்குப் போய்விட்டார். பெற்றோரை லாங் டெர்ம் பாஸில் வைத்துக்கொள்ள ஸ்பான்சருக்கு 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும், அது எங்கள் இரண்டு பேரில் யாருக்குமே இல்லை. குழந்தை இன்ஃபண்ட் கேர் என்ற கைக்குழந்தைக் காப்பகத்தில், முழுக் கட்டணம். சாயங்காலம் கூப்பிட ஓடவேண்டும், அது உண்மைதான். ஆனால் சாயங்காலம் ஓடுகிறவள் கோட் எழுதக்கூடாதா? சண்டை போடாமல் பழைய வேலையை எப்படிக் கேட்பது? நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டால் இன்னும் ஓரமாகத் தள்ளிவிடுவார்களா?

உட்லண்ட்ஸ் அக்கா:

தங்கச்சி, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வங்கி ஐடியில் இருபது வருடத்துக்கு மேல். நீங்கள் சொல்வது ஊரறிந்த கதை. பெண்களே இல்லாத துறை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் பாஸ்டன் கன்சல்ட்டிங் குரூப்பும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப ஊழியர்களில் 41 விழுக்காடு பெண்கள், உலக சராசரி 28தான். என் தளத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பெண்கள். ஆனால் டிசைன் ரிவ்யூவில் யார் வரைகிறார்கள், யார் குறிப்பெடுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். டெஸ்டிங், கோஆர்டினேஷன், பிஎம்ஓ (திட்ட நிர்வாகப் பிரிவு) என்று ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்போம். யாரும் கெட்ட எண்ணத்தில் தள்ளியதில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் இருக்கும்.

லீடிடம் "எனக்கு நியாயம் இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் உடனே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்த மாட்யூல், எந்த மாதத்திலிருந்து, அதற்கு எந்த வேலையை விடுவீர்கள் என்று கேளுங்கள். "செட்டில்மெண்டில் அடுத்த ரிலீஸில் இந்த மாற்றத்தை நான் எழுதுகிறேன், மினிட்ஸ் எல்லாரும் முறைவைத்து எழுதலாம்". இந்த அளவுக்குத் தெளிவாக. பேசி முடித்த அன்றே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள், அப்ரைசல் வரும்போது அவருக்கே மறந்திருக்கும்.

ஏற்பாடு கேட்பதில் பயம் வேண்டாம். 2024 டிசம்பர் 1 முதல் இதற்கென்றே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி இருக்கிறது. என்ன மாதிரி ஏற்பாடு, வாரம் எத்தனை நாள், எவ்வளவு காலத்துக்கு, ஏன் என்று எழுத்தில் கேட்டால் அவர்கள் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் வியாபாரக் காரணம் சொல்லவேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அதில் இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பதிலே தராமல் இழுத்தடித்தால் நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பிடம் போகலாம்.

நைட்ஷிஃப்ட்:

ஒரு லீடாக எதிர்ப்பக்கம் பேசுகிறேன், திட்டாதீர்கள். நான் வங்கிப் பக்கம். முக்கிய சிஸ்டம் ஒன்று விழுந்தால் 4 மணி நேரத்துக்குள் எழுப்பியாகவேண்டும், பெரிய கோளாறு என்று தெரிந்த 1 மணி நேரத்துக்குள் வங்கிகளை மேற்பார்க்கும் நாணய ஆணையத்துக்குச் சொல்லவேண்டும், 12 மாதத்தில் மொத்தமாக 4 மணி நேரத்துக்கு மேல் அது விழுந்து கிடக்கக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தால் எடுக்க ஆள் வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவரை அதில் போட்டு, அவர் எடுக்க முடியாமல் போனால் பழி அவர்மீதும் விழும், என்மீதும் விழும். அதைத்தான் உங்கள் லீட் யோசித்திருப்பார்.

ஆனால் நைட் சப்போர்ட் வேறு, மாட்யூல் வேறு. இரண்டையும் சேர்த்துப் பிடுங்கியதுதான் இடிக்கிறது. என் டீமில் பகலில் வரும் பிரச்சினைக்கு முதல் ஆள் ஒருவர், ராத்திரிக்கு வேறொருவர் என்று பிரித்தோம், யாருக்கும் தலை போகவில்லை. காலை ஷிஃப்டை முழுசாக நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். ராத்திரி யாருக்கும் பிடிக்காது, பகலும் பலருக்குப் பிடிக்காது, உங்கள் டீமில் பேரம் பேச ஆள் கிடைப்பார்.

சிமெய் காபி:

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, குழந்தையும் இல்லை, ஆனாலும் மினிட்ஸ் என்னிடம்தான் வருகிறது அக்கா 😂 ஆறு பேர் மீட்டிங்கில் நான் ஒருத்திதான் பெண். போன மாதம் "இன்னைக்கு என் கீபோர்டு சரியில்ல" என்று சொன்னேன், பக்கத்துச் சீட்காரர் எழுதினார், நன்றாகவே எழுதினார். நைட்ஷிஃப்ட் அண்ணா, குழந்தைக்காகத்தான் என்றால் எனக்கு ஏன் தருகிறார்கள்?

டிபி தோழி:

பொங்கோல்வாசி, ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபத்தில் பேப்பர் போட்டுவிடாதீர்கள். நான் கணவர் வழியில் டிபியில் (டிபெண்டண்ட் பாஸ், குடும்பத்தாருக்கான அனுமதி) வந்தவள். சென்னையில் டெஸ்ட் ஆட்டோமேஷன் செய்துகொண்டிருந்தேன், இங்கேயும் லெட்டர் ஆஃப் கன்சென்ட் என்ற அனுமதிக் கடிதத்தில் வேலை கிடைத்தது. 2021 மே முதல் டிபியில் இருப்பவர்கள் வேலை செய்யத் தனியாக வொர்க் பாஸ் வேண்டும் என்று மாறியது. என் கம்பெனி சின்னது, என் சம்பளம் இபிக்குப் போதவில்லை, அதற்குக் கீழ்நிலை வேலை அனுமதியான எஸ் பாஸுக்குக் கம்பெனியில் கோட்டா இல்லை, கடிதம் காலாவதியானதோடு வேலையும் போனது. அதற்குப் பிறகு எத்தனை இண்டர்வியூ போனாலும் "நடுவில் ஏன் இடைவெளி" என்ற கேள்விதான். டெஸ்ட் ஆட்டோமேஷனில் டூல் மாறிக்கொண்டே இருக்கும், வீட்டில் உட்கார்ந்து கற்றதை யாரும் அனுபவமாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் பாஸ் ரத்தானால் இங்கே தங்கப் பொதுவாக 30 நாள்தான். வேறு வேலை தேடுவதாக இருந்தால் உள்ளே இருந்துகொண்டே தேடுங்கள், புதுக் கம்பெனி பாஸ் ஒப்புதல் வாங்கிய பிறகு ராஜினாமா. கணவரின் டிபியில் ஏறிக்கொண்டு நிதானமாகத் தேடலாம் என்று யாராவது சொல்வார்கள், என் மாமியார் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

தோழி சொல்வது நூற்றுக்கு நூறு. கூடவே, 2025 ஜனவரியில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பாலினம், கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு எல்லாம் அதில் இருக்கிறது, 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு மட்டும் தொடக்கத்தில் விலக்கு. ஆனால் அதை மெயிலில் தூக்கிப் போட்டு மிரட்டவேண்டாம் லா, உங்கள் லீட் பேசிச் சரிசெய்யக்கூடிய ஆள் மாதிரிதான் தெரிகிறது.

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நைட்ஷிஃப்ட் அண்ணா சொன்ன பகல் சப்போர்ட் எனக்குத் தோன்றவே இல்லை, காலை எட்டுக்கே ஆபிஸில் இருப்பேன், அது எனக்குச் சுலபம். செவ்வாய்க்கிழமை லீடோடு பேச நேரம் கேட்டிருக்கிறேன். ஒரே சந்தேகம்: வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்ற விண்ணப்பத்தையும் அப்போதே கொடுக்கலாமா, மாட்யூல் கைக்கு வந்த பிறகா?

நைட்ஷிஃப்ட்:

முதலில் மாட்யூல். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் லீட் சுலபமானதைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வார், நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஒரு ரிலீஸ் உங்கள் பெயரில் போகட்டும், அப்புறம் விண்ணப்பம்.