"சத்தியம் பண்ணு" என்று நிறுத்தினால்: மதுரைப் பக்கத்தில் விசுவாசிகள் சந்திப்பவை

உபதேசியார், உசிலம்பட்டிப் பக்கம்:

வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், காணாமல் போன ஆடு, எதுவானாலும் பேச்சு முற்றினால் "அப்ப சத்தியம் பண்ணு" என்பதில்தான் வந்து நிற்கும். சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொல்வார்கள். பெரிய காரியம் என்றால் அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு வாசலுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே பொய்ச் சத்தியம் பண்ணினவன் தப்பமாட்டான் என்ற பயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பயத்தை வைத்துத்தான் வழக்கே முடிகிறது. ஆகவே நம் ஆள் "நான் சத்தியம் பண்ணமாட்டேன்" என்றால் ஊர்க்காரர் காதில் "சத்தியம் பண்ணவேண்டாம்" என்ற மத்தேயு 5:34 விழாது. மடியில் கனம், அதனால் வழியில் பயம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மறுப்பதில் நேரம் முக்கியம். சூடம் எரியும்போது கையை இழுத்துக்கொண்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான். பஞ்சாயத்து கூடுவதற்கு முந்தின நாளே பெரியவர்கள் இரண்டு பேரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்: "எங்க வேதத்துல ஆணையிடக் கூடாதுன்னு இருக்குங்கய்யா. நான் சொல்றத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இதையே ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் சொல்வேன்." வெறும் மறுப்போடு போகாமல், பதிலுக்குக் கொடுக்க ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடன் என்றால் தேதிவாரியாகத் தொகை, பணம் அனுப்பின ரசீது, கூட இருந்தவர்கள் பெயர். வரப்பு என்றால் பத்திர நகல், பட்டா, நிலத்தின் அளவைக் காட்டுகிற எஃப்.எம்.பி. வரைபடம். சர்வேயரை வைத்து அளந்தால் தீருகிற சங்கதிக்குச் சூடமே தேவையில்லை.

நம்மவர்கள் வழுக்குகிற இடங்கள் இரண்டு. சூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்", "இயேசப்பா மேல சத்தியமா" என்பார்கள். பொருள்தான் மாறியது, காரியம் அதுவேதான். தேவாலயத்தின் பேரில் சத்தியம் செய்தால் ஒன்றுமில்லை, தேவாலயத்துப் பொன்னின் பேரில் செய்தால் கடனாளி என்று தரம் பிரித்தவர்களைத்தான் மத்தேயு 23:16 முதல் 22 வரை ஆண்டவர் கண்டிக்கிறார். இன்னொன்று, கிறிஸ்தவர் அல்லாத மச்சானையோ மாமனையோ தனக்குப் பதிலாகச் சூடம் அணைக்க அனுப்புவது. தன் வாய்க்கு ஆகாததை உறவுக்காரர் வாயில் போடுவதை எந்த வசனத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

தமிழாசிரியை (ஓய்வு), மறைக்கல்வி ஆசிரியை, மதுரை:

உபதேசியார் ஐயா சொன்னதோடு மொழி பற்றி ஒன்று. நம் பழைய மொழிபெயர்ப்பில் "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்பதிலும் "பரிச்சேதம் சத்தியம் பண்ணவேண்டாம்" என்பதிலும் ஒரே சொல் நிற்கிறது. கிரேக்கத்தில் இவை வேறு வேறு சொற்கள். பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். முதலாவது உண்மை, இரண்டாவது ஆணை என்று பிரித்துச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் பாதிச் சிக்கல் தீரும். பொருத்தனை மூன்றாவது வகை: கடவுளுக்கே நேர்ந்துகொள்வது. அதற்கு எண்ணாகமம் 30ஆம் அதிகாரம். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொள்வது இதில் சேரும், ஆணையில் சேராது.

"உன் சிரசின்பேரிலும் சத்தியம்பண்ணவேண்டாம்" என்ற வரியைப் படிக்கும்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம். தலையில் அடித்துச் சத்தியம் செய்வதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆண்டவர் சொல்லும் காரணத்தைத்தான் நிதானமாகக் காட்ட வேண்டும்: ஒரு மயிரைக்கூட வெண்மையாக்கவோ கறுப்பாக்கவோ உன்னால் முடியாது, உன் கையில் இல்லாததை எப்படிப் பணயம் வைப்பாய்? தன் தலைக்கே இந்தக் கதி என்றால், பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது எவ்வளவு கொடுமை!

இன்னொரு பாடம் மத்தேயு 26. உள்ளே பிரதான ஆசாரியன் ஜீவனுள்ள தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்கிறான். அதுவரை பேசாமல் இருந்த இயேசு அப்போது பதில் சொல்கிறார். வெளியே முற்றத்தில் பேதுரு. முதல் முறை வெறும் மறுப்பு. இரண்டாம் முறை ஆணையிட்டு மறுப்பு. மூன்றாம் முறை சபித்துச் சத்தியம். நம்பமாட்டார்களோ என்ற பயம் ஏற ஏற ஆணையும் ஏறுகிறது. பொய்க்குத்தான் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எந்த ஆணையுமே பாவம் என்று எல்லாச் சபையும் சொல்வதில்லை. பவுலே 2 கொரிந்தியர் 1:23இல் தேவனைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1199, எரேமியா 4:2ஐ ஒட்டி, உண்மை, தெளிந்த தீர்ப்பு, நீதி மூன்றும் இருந்தாலன்றி ஆணை கூடாது என்கிறது. 1200ஆம் சட்டம், மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய ஆணை செல்லாது என்கிறது. ஆங்கிலிக்கன் 39 கோட்பாடுகளில் கடைசியானதும் அதிகாரி கேட்கும்போது ஆணையிடலாம் என்றே சொல்கிறது. 1527 ஷ்லைட்ஹைம் விசுவாச அறிக்கையை ஒட்டிய அனபாப்டிஸ்டுகளும், பின்னால் வந்த குவேக்கர்களும் ஆணையை அடியோடு மறுத்த சபையார். ஆகவே பக்கத்து சபைக்காரர் கோர்ட்டில் ஆணையிட்டார் என்பதற்காக அவரை விசுவாசத்தில் குறைந்தவராகப் பேச வேண்டாம்.

வழக்கறிஞர் குமாஸ்தா, மதுரை:

டீச்சர் கோர்ட்டைச் சொன்னதால் அங்கே நடப்பதைச் சொல்கிறேன். சினிமாவில் வருகிற மாதிரி புத்தகத்தின் மேல் கை வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 1969ஆம் ஆண்டு ஆணைச் சட்டத்தின் (Oaths Act) அட்டவணையில் இரண்டு வழி இருக்கிறது: "கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன்", இல்லையென்றால் "உளமார உறுதி கூறுகிறேன்". 5ஆம் பிரிவின்படி விரும்புகிறவர் உறுதி கூறலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கூண்டில் ஏறும் முன்பே வக்கீலிடமோ பெஞ்ச் கிளார்க்கிடமோ "உறுதிமொழி எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் போதும். "சத்தியம் பண்ணமாட்டேன்" என்று கூண்டில் நின்று ஆரம்பித்தால்தான் கலவரமாகும்.

உறுதிமொழிதானே என்று பொய் சொன்னால் தண்டனை குறையாது. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சிக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 229ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை. ஆணைச் சட்டம் 8ஆம் பிரிவோ சாட்சி சொல்கிற எவரும் உண்மையே சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது.

கோவில் சத்தியத்துக்கும் கோர்ட்டுக்கும் ஒரு காலத்தில் தொடர்பு இருந்தது. பழைய 1873 ஆணைச் சட்டத்தில், எதிராளி இன்னபடி சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சிக்காரர் சொன்னால், அந்தச் சத்தியமே அப்படிச் சொன்னவருக்கு எதிரான முடிவான சான்று. 1969 சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை.

உண்மையில் ஆபத்து கூண்டில் இல்லை, அபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரத்தில். சிவில் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணையே அந்தப் பத்திரமாகத்தான் தாக்கலாகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் அடித்திருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் படிப்பதில்லை. வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "நேரில் பார்த்தேன்" என்று இருப்பது நீங்கள் கேள்விப்பட்டதாக இருந்தால் கையெழுத்துக்கு முன் திருத்துங்கள். தேதி, தொகை, யார் யார் கூட இருந்தார்கள், இந்த மூன்றிலும்தான் தவறு நுழையும். குறுக்கு விசாரணையில் "தெரியாது" வேறு, "ஞாபகம் இல்லை" வேறு. ஞாபகம் இருந்துகொண்டே ஞாபகம் இல்லை என்பதும் பொய்தான்.

உபதேசியார், உசிலம்பட்டிப் பக்கம்:

குமாஸ்தா தம்பி சொன்ன அபிடவிட்டை ஒட்டி, மனதைப் பிசைகிற ஒன்று: சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிகள் பற்றிய 1950 குடியரசுத் தலைவர் உத்தரவின் 3ஆவது பத்தி பட்டியல் சாதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். ஒடுக்குமுறை அதேபடி இருக்க, சலுகை மட்டும் போய்விடுகிறது. இது அநியாயம் என்று சபை உரக்கச் சொல்ல வேண்டும். அதேசமயம், திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் இருக்கும்போது "இவர் ஞானஸ்நானம் பெறாதவர்" என்று போதகர் கடிதம் கொடுக்கக் கூடாது. கேட்டு வருகிற குடும்பத்தைத் திட்டி அனுப்பவும் கூடாது. பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி நகல் எடுத்துக் கொடுத்து, பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத உடன் உட்கார வேண்டும்.

தமிழாசிரியை:

தம்பி, சின்னப் பிள்ளை சாட்சி சொல்ல வேண்டி வந்தால்?

குமாஸ்தா:

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இருந்து, உண்மை பேச வேண்டும் என்பது புரிந்து, ஆணை என்றால் என்னவென்று புரியவில்லை என்று நீதிபதி கருதினால் ஆணையும் இல்லை, உறுதிமொழியும் இல்லை டீச்சர். சாட்சி செல்லும். பெயர், படிக்கிற வகுப்பு, பொய் சொல்லலாமா கூடாதா என்று நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பார். வீட்டில் பதிலை மனப்பாடம் செய்யவைத்துக் கூட்டி வராதீர்கள்; மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.