கோச் 8-க்கு அடுத்தது 11: வெளிநாட்டு ரயில், தங்குமிடம் பற்றிப் பார்த்ததைச் சொல்லுங்க

முத்தியால்பேட்டை வாசி:
பாரீஸ் கார் தெ லியோன் ஸ்டேஷன்ல பார்த்தது இன்னும் உறுத்துது. ஒரு தமிழ்க் குடும்பம். டிக்கெட்ல கோச் 14, ஏறினது 4-ல. உள்ளேயே நடந்து போயிடலாம்னு நம்ம விழுப்புரம் நினைப்பு. தேஜேவேயில், அதாவது பிரெஞ்சு அதிவேக ரயில்ல, ரெண்டு வண்டியைச் சேர்த்து ஓட்டுவாங்க: 1 முதல் 8 வரை ஒண்ணு, 11 முதல் 18 வரை இன்னொண்ணு. நடுவுல எஞ்சின், கடக்க வழியே கிடையாது. விஷயம் புரிஞ்சு பாட்டியும் மகனும் கீழே இறங்க, கதவு மூடிடுச்சு. உள்ளேயிருந்து பேத்தி கண்ணாடியைத் தட்டுறா. கிளம்ப 2 நிமிஷம் முன்னாடியே கதவை மூடிடுவாங்கன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? சில ஜோடி வண்டிகள் பாதி வழியில பிரிஞ்சு வேற வேற ஊருக்குப் போகும், அது இதைவிட மோசம்.

மஞ்சக்குப்பம்:
விழுப்புரத்தை ஏன் சார் இழுக்கிறீங்க? பிளாட்பாரம் நம்பரே சுமார் 20 நிமிஷம் முன்னாடிதான் போர்டுல வருது, கூட்டம் மொத்தமா ஓடும், யாரா இருந்தாலும் தடுமாறுவாங்க. ஓடாம, பிளாட்பாரத் திரையைப் பாருங்க. எந்தக் கோச் எந்த எழுத்துக்கு நேரா நிக்கும்னு படம் போட்டிருப்பான். மேலே தொங்குற எழுத்துப் பலகைக்குக் கீழே போய் நில்லுங்க, முடிஞ்சது.

நான் சொல்ல வந்தது ஐரோப்பிய ரயில் பாஸ் பத்தி. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தா இன்டர்ரெயில், இந்திய பாஸ்போர்ட்ல இங்கே புதுச்சேரியில குடியிருந்தா யூரெயில். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) வீடுகள்ல ஒரே குடும்பத்துல ரெண்டு பாஸ்போர்ட்டும் இருக்கும், எல்லாருக்கும் ஒரே பாஸை வாங்கிடுறாங்க. ஒரு பெரியவரோட 4 முதல் 11 வயசு வரை 2 பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம்தான். ஆனா தேஜேவேயில் பிள்ளைக்கும் சீட் ரிசர்வேஷன் பணம் கட்டணும், பாஸ்காரங்களுக்கான சீட்டும் கொஞ்சம்தான். பாரீசும் இன்னொரு ஊரும் மட்டும்னா பாஸே வேண்டாம், முன்கூட்டி டிக்கெட் எடுங்க. விலை குறைவுன்னு ஊய்கோங்கிற மலிவு ரயில்ல டிக்கெட் எடுத்தா 55×35×25 செ.மீ. பெட்டி ஒண்ணும் கைப்பை ஒண்ணும்தான் இலவசம். பெரிய பெட்டிக்குத் தனிக் காசு, அதையும் டிக்கெட்டோடவே கட்டிடுங்க.

லாஸ்பேட்டை அக்கா:
ரயிலை விடுங்க தம்பி, காசு கரையறது ரூம்லதான். பாரீஸ் லா ஷப்பெல் பகுதியில நம்ம கடைகள் இருக்குன்னு அங்கேயே ரூம் தேடுறாங்க. 2025 ஜனவரியிலிருந்து பாரீஸ்ல ஒத்தை டிக்கெட்டுக்கு மண்டலக் கட்டணம் போயிடுச்சு. மெட்ரோ, எர்-எ-எர் (புறநகர் ரயில்) ரெண்டுக்கும் ஒரே விலை, விமான நிலையத்துக்குத் தனி. அதனால எர்-எ-எர் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்துல புறநகர்ல எடுங்க. புக் பண்றதுக்கு முன்னாடி அந்த லைன்ல வேலை நடக்குதான்னு பாருங்க. ஆகஸ்ட்ல பாதி லைனை மூடி வெச்சிருப்பாங்க. டிக்கெட் ஏத்திக்கிற நவிகோ ஈஸி கார்டு ஆளுக்கு ஒண்ணு வேணும். ஒரே கார்டை ரெண்டு பேர் தட்டினா அபராதம்.

ரூம் தேடுறப்ப பிள்ளைங்க வயசைச் சரியா போடுங்க. அங்கே சாதாரண ரூம் 2 பேருக்குத்தான், கட்டிலுக்குக் கீழே பாய் விரிக்கிற கதை நடக்காது. நாலு பேர்னா சமையல் மேடை உள்ள ஸ்டூடியோ, ரெண்டு ஹோட்டல் ரூமைவிடப் பெரும்பாலும் மலிவு. தங்கும் வரி பெரியவங்களுக்கு மட்டும், 18 வயசுக்குள்ள இருந்தா கிடையாது. ரைஸ் குக்கர் கொண்டுபோகலாம், 230 வோல்ட் சரிப்படும். நம்ம மூணு முள் பிளக் மட்டும் நுழையாது, எர்த் உள்ள அடாப்டர் வேணும். தாளிக்கிறப்ப ஜன்னலைத் திறங்க, புகை அலாரத்துக்கு கடுகும் நெருப்பும் ஒண்ணுதான்.

குருசுக்குப்பம்:
சொந்தக்காரங்க வீடு இருக்கிறப்ப ரூம் எதுக்கு அக்கா?

லாஸ்பேட்டை அக்கா:
விசாவுல போறவங்களுக்கு அதுக்கும் காகிதம் வேணும்பா. அந்தச் சொந்தக்காரங்க தங்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) 'அத்தெஸ்தாசியோன் தக்கோய்'ங்கிற, வீட்டில் தங்க வைக்கிறதுக்கான சான்று எடுத்து, அசலை இங்கே அனுப்பணும். 30 யூரோ முத்திரை. வீட்டில் இத்தனை பேருக்கு இடம் இருக்கான்னு மேரி கேட்கும். விசா தேதி குறிச்சிட்டு கேட்டா கைக்கு வராது, முதல்ல அதை ஆரம்பிக்கச் சொல்லுங்க.