மனப்பதற்றத்துக்கு உடற்பயிற்சி: ஓடினால் படபடப்பு கூடுதே, ஏன்?

மாலைக்காற்று:
பதற்றம் குறைய உடற்பயிற்சி செய்யச் சொல்றாங்க. ஆனா ஓட ஆரம்பிச்சதுமே நெஞ்சு அடிச்சுக்குது, பயமும் சேர்ந்து வந்துடுது. இப்படி இருக்கிறவங்க எப்படித் தொடங்கணும்? மாத்திரையை விட்டுடலாமா?

தடம்:
படபடப்பு, வியர்வை, மூச்சிரைப்பு மூணும் பயிற்சியிலும் வரும், பீதி வரும்போதும் வரும். அதனால இது ஆபத்துன்னு மூளை தப்பா எடுத்துக்குது. ஒண்ணும் ஆகாம அந்தப் படபடப்பு தானா அடங்குறதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாதான் பயம் தேயும். படபடப்பைத் தவிர்த்துக்கிட்டே இருந்தா அந்தப் பயம் அப்படியேதான் நிக்கும்.

ஓட்டத்தை இப்போதைக்கு விடுங்க. 5 நிமிஷம் மெதுநடை. பிறகு 1 நிமிஷம் வேகநடை, 2 நிமிஷம் மெதுநடைன்னு நாலு சுற்று. கடைசியா 5 நிமிஷம் மெதுநடை. மொத்தம் 22 நிமிஷம். பழகினதும் வேகநடையை அரை அரை நிமிஷமா கூட்டுங்க. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம்.

பயம் வந்தா வேகத்தைக் குறைங்க, ஆனா நடையை நிறுத்தாதீங்க. சட்டுன்னு நின்னா ரத்தம் காலில் தேங்கி தலை சுத்தும், அது பயத்தை இன்னும் கிளப்பும். கிளம்பறதுக்கு முன்னாடி காபியும் வேண்டாம்.

நெஞ்சுவலி, மயக்கம், சும்மா இருக்கும்போதே துடிப்பு தாறுமாறா ஓடுறதுன்னு எது இருந்தாலும் முதல்ல இதயப் பரிசோதனை. நடையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

வேர்நிழல்:
மாத்திரையை நீங்களா நிறுத்தவே கூடாது. 1999-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனச்சோர்வு இருந்த 156 பேரை உடற்பயிற்சி, செர்ட்ராலின்ங்கிற மனச்சோர்வு மாத்திரை, ரெண்டும் சேர்த்துன்னு மூணு குழுவா பிரிச்சுப் பார்த்தாங்க. 16 வாரத்தில் மூணு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினாங்க. ஆனா ஆரம்பத்தில் மருந்துதான் வேகமா வேலை செஞ்சது. பயிற்சியின் பலன் வர வாரக்கணக்காகும், அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கிறது மருந்து.

ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க கைக்கடிகாரத்தில் துடிப்பு எண்ணைப் பார்த்து வேகம் கூட்டாதீங்க. அந்த மருந்து இதயத் துடிப்பை அதிகம் ஏறவிடாது. தடம் சொன்ன பேச்சுச் சோதனைதான் நம்பகமானது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை எடுக்கிறவங்க நிறைய வியர்த்து உடம்பில் நீர் குறைஞ்சா ரத்தத்தில் மருந்தளவு ஏறலாம். மருத்துவரிடம் கேட்டுட்டுத் தொடங்குங்க.

கல்தூண்:
மனச்சோர்வும் சேர்ந்திருந்தா ‘மனசு வரட்டும், அப்புறம் போகலாம்’னு காத்திருக்கக் கூடாது. அந்த நோய் முதல்ல பறிக்கிறதே அந்த மனசைத்தான். நேரத்தை முன்கூட்டியே குறிச்சு வையுங்க. 10 நிமிஷம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வாரம் 150 முதல் 300 நிமிஷ மிதமான பயிற்சி, போகப் போக எட்ட வேண்டிய அளவு. முதல் வாரமே அதுக்குத் தாவினா உடம்பு வலிச்சு எல்லாமே நின்னுபோகும். வாரம் ரெண்டு நாள் தசைப்பயிற்சியும் சேருங்க, மனச்சோர்வு குறைய அதுவும் உதவும்.

மாலைக்காற்று:
ராத்திரி மட்டும்தான் நேரம் கிடைக்கும்னா?

தடம்:
தாராளமா நடங்க. மூச்சு வாங்குற கடும் பயிற்சியை மட்டும் படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியாவது முடிச்சிடுங்க, இல்லேன்னா தூக்கம் பிடிக்கத் தாமதமாகும்.