டி-90 கிட்டில் சிவப்புக் கண் இருக்கிறது, மாமனார் ஓட்டிய டாங்கியில் இல்லை: இதையே மாற்றுவதா, வேறு வாங்குவதா?

அஸ்தம்பட்டி:
வணக்கம். சேலத்திலிருந்து எழுதுகிறேன். கார், பைக் என்று நாலைந்து பிளாஸ்டிக் மாதிரி கிட் ஒட்டியிருக்கிறேன், டாங்கி இதுதான் முதல். என் மாமனார் ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். தஃபேதாராக (டாங்கிப் படையில் ஹவில்தாருக்குச் சமமான பதவி) ஓய்வு பெற்று இப்போது ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பியோடு இருக்கிறார். கடைசி ஏழெட்டு வருடம் அவர் ஓட்டியது டி-90, அதாவது நம் ராணுவம் பீஷ்மா என்று பெயர் வைத்த ரஷ்ய டாங்கி. வருகிற ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மோதிரம் எல்லோரும் போடுவார்கள், நாம் டாங்கி கொடுப்போம் என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

கடையில் கேட்டபோது "எல்லா டி-90ம் ஒன்றுதான் சார்" என்றார்கள். மெங் கம்பெனியின் டி-90ஏ, 1/35 அளவு (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு), வாங்கினேன். உடல், டரட் (பீரங்கியோடு சுழல்கிற மேல்பகுதி) இரண்டும் ஒட்டியாயிற்று. போன வாரம் மனைவி பழைய ஆல்பத்தை எடுத்துக் காட்டினாள். மாமா டாங்கி மேல் நிற்கிற படம். பீரங்கிக் குழலுக்கு இரண்டு பக்கமும் என் கிட்டில் பெரிய சிவப்புக் கண்கள் இருக்கின்றன. படத்தில் அந்த இடத்தில் வெறும் பட்டைப் பட்டையான பெட்டிகள்தான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போயிற்று.

கேள்விகள்:
கண்ணைப் பிடுங்கி இதையே பீஷ்மா ஆக்க முடியுமா? அல்லது ட்ரம்பெட்டர் கம்பெனியின் கிட் வாங்குவதுதான் சரியா? அவர்களிடம் டி-90சி என்று ஒன்று, டி-90எஸ் என்று ஒன்று பார்த்தேன். பீஷ்மா டி-90எஸ் தானே, அப்போது அந்த எஸ் பெட்டிதானே?

பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்ததும் சொதப்பல். சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் அடித்தால் மாவு தூவியதுபோல் சொரசொரவென்று விழுகிறது. குளிர்ச்சியாக இருக்குமே என்று ஏற்காட்டில் நண்பன் வீட்டு வராந்தாவில் சாயங்காலம் அடித்தேன். திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிட்டது.

ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற சங்கிலிப் பட்டை) வேறு படுத்துகிறது. ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து ஓடுகிற மாதிரி செய்வது. ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கண்ணி பசை இறங்கிக் கட்டையாகிவிட்டது.

இன்னொரு பெட்டி வீட்டுக்குள் வந்தால் என் கதை முடிந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவடி வாசி:
தம்பி, முதலில் அந்த எஸ் பெட்டியை ஆர்டர் போட்டுவிடாதீர்கள். நிறைய பேர் விழுகிற குழி அது. ட்ரம்பெட்டரின் டி-90சி என்பதில் கடைசி எழுத்து ஆங்கில சி இல்லை, ரஷ்ய எழுத்து. அவர்கள் மொழியில் அந்த வடிவம்தான் "எஸ்". ஆக டி-90சி என்று போட்டதுதான் டி-90எஸ், இந்திய வடிவத்துக்கென்றே வந்த கிட். நீங்கள் பார்த்த இன்னொரு பெட்டியில் எஸ்ஸுக்குப் பக்கத்தில் "மாடர்னைஸ்டு" என்று ஒரு வார்த்தை இருந்திருக்கும். அது பிற்பாடு வந்த எம்எஸ் வகை. டரட்டே வேறு, கவசம் வேறு. மாமனார் அதைப் பார்த்தால் "இது யார் வண்டி?" என்பார்.

சிவப்புக் கண்ணின் பெயர் ஷ்டோரா. எதிரி ஏவுகணையின் பின்னால் ஒரு சுடர் எரியும், ஏவுகிற கருவி அதைப் பார்த்துத்தான் ஏவுகணையைத் திருப்பும். ஷ்டோராவின் விளக்குகள் அதே மாதிரி அகச்சிவப்பு ஒளியை வீசி அந்தக் கருவியைக் குழப்பிவிடும். இந்தியா வாங்கியபோது செலவைப் பார்த்து அதை வேண்டாம் என்று விட்டார்கள். காலி இடத்தில் கான்டாக்ட்-5 வெடிகவசப் பெட்டிகள் வந்தன, குண்டு பட்டால் தானே வெடித்து அதன் வேகத்தைக் கெடுப்பவை. படத்தில் நீங்கள் பார்த்த பட்டைகள் அவைதான்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். படத்தில் டரட் சட்டியைக் கவிழ்த்தது போல உருண்டையாக இருக்கிறதா, தகடு தகடாக முனை தெரிகிறதா? 2001-இல் 310 டாங்கிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 124 முழுசாக வந்தன, 186 இங்கே ஆவடியில் பூட்டியவை. முதலில் வந்த கொஞ்சத்துக்கு உருண்டையான வார்ப்பு டரட், அப்புறம் எல்லாம் தகடுகளைச் சேர்த்த வெல்டிங் டரட். உங்கள் மெங் கிட்டில் இருப்பது வெல்டிங். மாமனாருடையது வார்ப்பு என்றால் பிளாஸ்டிக்கைச் சுரண்டி மாளாது.

எழுபத்திரண்டு:
இவ்வளவு தலைவலி எதற்கு? 1/72-இல் ஸ்வெஸ்டா கம்பெனியின் டி-90 வாங்குங்கள். பசையே வேண்டாம், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும், விலையும் கம்மி. நிஜ டாங்கி குழலோடு சேர்த்து ஒன்பதரை மீட்டர். 1/35-இல் அது 27 சென்டிமீட்டர் வரும். நம் வீட்டு ஷோகேஸ் எதில் நிற்கும்? 1/72-இல் 13 சென்டிமீட்டர்தான்.

ஆவடி வாசி:
அதிலும் கண் இருக்கிறது ஐயா. சின்னக் கண்.

அதோடு அறுபது வயதுக்காரருக்குக் கொடுக்கிற பொருள். 1/72-இல் ஓட்டுநர் மூடி ஒரு மிளகு அளவுதான் இருக்கும். அவர் வருடக்கணக்காகத் தலையை வெளியே நீட்டிய மூடி அது, கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? ஷோகேஸ் ஆழம் போதவில்லை என்றால் டரட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கலாம். உடல் மட்டும் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கொலுசுப் பட்டறை:
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து. வெள்ளிக் கொலுசு வேலை, ராத்திரியில் கிட் வேலை. கண்ணை எடுத்துவிட்டுப் பெட்டி செய்வது ஒரு நாள் வேலைதான், பயப்பட வேண்டாம்.

ஏடிஎம் கார்டை வெட்டி ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள். கார்டு பிவிசி, கிட் பாலிஸ்டைரீன். கிட் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்குகிற பசை, பிவிசியில் சரியாகப் பிடிக்காது. கார்டுதான் கையில் இருக்கிறது என்றால் ஃபெவிக்விக் போடுங்கள். ஆனால் பெரிஸ்கோப், விளக்கு மாதிரி கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டு போகாதீர்கள், ஆவியிலேயே மங்கிவிடும். என்னைக் கேட்டால் ஒரு மில்லிமீட்டர் ஸ்டைரீன் தகடு வாங்குவது நல்லது.

முதலில் தடிமனான காகிதத்தில் பெட்டி மாதிரி வெட்டி டரட்டில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிற கவசப் பட்டையின் சாய்வு எதுவோ அதுதான் இதற்கும். காகிதம் சரியாக உட்கார்ந்த பிறகு தகட்டில் வெட்டுங்கள். நாங்கள் வெள்ளியில் கை வைப்பதற்கு முன் ஈயத்தில் ஒரு மாதிரி செய்து பார்ப்போம், அந்தப் பழக்கம்தான். இடுக்கில் சந்து விழுந்தால் எம்-சீல் ஒரு கடுகளவு பிசைந்து ஈரக் குச்சியால் தள்ளுங்கள். இறுகினால் கல். அதற்கு முன்பே வழித்துவிட வேண்டும்.

கிட்டில் வருகிற பித்தளைத் தகடு வளைக்கும்போது விண்ணென்று திமிறுகிறதா? மெழுகுவர்த்தி நுனியில் சாமணத்தால் பிடித்து நிறம் மாறும் வரை காட்டி ஆறவிடுங்கள். வெற்றிலை மாதிரி மடங்கும். சிவக்கச் சிவக்க வைத்தால் உருகிப் போகும், அவ்வளவு மெல்லிசு.

இருபதாவது கொண்டை ஊசி:
ஏற்காட்டுக்காரன் நான். சாயங்காலம் வராந்தாவில் ஸ்ப்ரே அடித்தீர்களா? அண்ணா, அந்த நேரத்துக்கு இங்கே துவைத்த துணியே காயாது.

நடந்தது இதுதான். பெயிண்டில் இருக்கிற தின்னர் சட்டென்று ஆவியாகும்போது அந்தப் பரப்பு சில்லென்று ஆகிவிடும். பனிமூட்டக் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பெயிண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த ஈரம்தான் வெளுப்பு. சேலத்தில் நேர்மாறு. சொட்டு காற்றிலேயே காய்ந்து தூளாகப் போய் விழுகிறது.

பிரைமர் வெளுத்ததற்காகக் கவலைப்படாதீர்கள், மேலே நிறம் வரப்போகிறது. இரண்டு நாள் நன்றாகக் காயட்டும். விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள். சொரசொரப்பு இருந்தால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் ஒரு மூலையில் மாஸ்கிங் டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். பிரைமர் டேப்போடு வந்தால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும்.

கார் பெயிண்ட் கடையில் என்சி தின்னர் வாங்கி வெளுப்பைத் துடைக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். துணியில் நனைத்துத் துடைத்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரையும், ரிவெட் எல்லாம் போய்விடும்.

இனி அடிப்பதானால் சேலத்திலேயே விடியற்காலை ஆறு மணிக்கு அடியுங்கள். டப்பாவை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வந்து, மெல்லிய பூச்சாக, நிற்காமல் வீசுங்கள். ஏற்காடுதான் என்றால் வெயில் வந்த பிறகு பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள். ஆவணியில் அந்த வெயிலையும் நம்ப முடியாது. கடைசியாக அடிக்கிற மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷும் இதே மாதிரி வெளுக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆனால் மேலே பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நன்றாகக் காய்ந்த நாளாகப் பார்த்து மறுபடி மேட்.

கொலுசுப் பட்டறை:
ட்ராக்கை மறந்துவிட்டேன். கட்டையான கண்ணிகளைப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். அது ஒட்டவில்லை, உருகி ஒன்றாகிவிட்டது. கத்தி வைத்தால் உடையும். டி-90க்குப் பக்கவாட்டில் மறைப்புத் தகடு தொங்குகிறது அல்லவா, ட்ராக்கின் மேல் ஓட்டம் முழுக்க அதற்குப் பின்னால் போய்விடும். கட்டையான துண்டை அங்கே கொண்டு வாருங்கள். முன்னும் பின்னும் சக்கரத்தைச் சுற்றி வளைகிற இடத்தில் மட்டும் அசைகிற கண்ணி இருந்தால் போதும். மாமனார் அதைத் தரையில் உருட்டி விளையாடப் போவதில்லை.

அடுத்த பக்கத்துக்குப் பசையைத் தூரிகையோடு கொண்டு போகாமல் ஊசி முனையில் தொட்டு வையுங்கள். நீர் மாதிரிப் பசை, சந்து கிடைத்தால் தானாக ஓடும்.

அஸ்தம்பட்டி:
எல்லோருக்கும் நன்றி. படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். டரட் தகடு தகடாகத்தான் இருக்கிறது, முனை தெளிவாகத் தெரிகிறது. அப்பாடா. ஆகவே மெங் கிட்டையே வைத்துக்கொள்கிறேன். ட்ரம்பெட்டர் செலவு மிச்சம், குடும்பமும் மிச்சம்.

கண்ணை எடுத்தாயிற்று. காகித மாதிரி ஐந்து முறை வெட்டினேன், ஆறாவது உட்கார்ந்தது. பிரைமர் டேப்போடு வரவில்லை. நிறம் மணலும் பச்சையுமாகத்தானே? படம் கறுப்பு வெள்ளை இல்லை, ஆனால் மங்கிப்போய் எல்லாமே டீ நிறத்தில் இருக்கிறது.

ஆவடி வாசி:
மணல் நிறத்தின் மேல் பச்சைப் பட்டைகள், குடியரசு நாள் அணிவகுப்பில் பார்த்திருப்பீர்கள். ஆனால் பட்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதற்கு அந்த டீ நிறப் படத்தையே பாருங்கள். வெளிச்சம் குறைவாகத் தெரிகிற இடம் பச்சை. கிட்டோடு வருகிற வண்ணத்தாள் ரஷ்ய வண்டிக்கானது, அதை ஓரமாக வையுங்கள்.

ஓட்டுநருக்குக் கொடுப்பதால் இன்னொன்று. பின்னால் ஒரு மரக்கட்டை கட்டியிருக்கும். சேற்றில் புதைந்தால் ட்ராக்குக்கு அடியில் கொடுத்து ஏறுவதற்கு. ஓட்டுநர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கிட்டில் பிளாஸ்டிக் கட்டை வரும், போடாதீர்கள். ஏற்காட்டில் காப்பிச் செடி கவாத்து செய்யும்போது விழுகிற குச்சி ஒன்று எடுங்கள், பென்சில் தடிமன். நன்றாகக் காயவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பூச்சி வரும்.

எழுபத்திரண்டு:
சரி, அந்தக் கட்டை யோசனைக்காக 1/35-ஐ மன்னிக்கிறேன். எப்படி மேலே கொண்டு போகப் போகிறீர்கள்? இருபது கொண்டை ஊசி வளைவு.

இருபதாவது கொண்டை ஊசி:
பலகையில் திருகி வையுங்கள். டாங்கியின் வயிற்றில் இரண்டு துளை, பலகைக்கு அடியிலிருந்து இரண்டு ஸ்க்ரூ. உள்ளே நட்டை எம்-சீலால் இப்போதே பதித்துவிடுங்கள், டரட்டை மூடிய பிறகு கை போகாது. ஆன்டெனா, டரட் மேலிருக்கிற இயந்திரத் துப்பாக்கி இரண்டையும் இங்கே வந்து ஒட்டுங்கள். காரின் டாஷ்போர்டில் வெயில் படும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள், மெல்லிய பாகம் எல்லாம் வளைந்துவிடும்.

அஸ்தம்பட்டி:
கடைசித் தகவல். போன வாரம் அறுபதாம் கல்யாணம் நன்றாக நடந்தது. பலகையில் திருகி, மனைவி மடியில் வைத்துக்கொண்டு போனோம். பத்தாவது வளைவில் ஒரு பக்கத்து எண்ணெய் டிரம் கழன்று விழுந்தது, அதை மட்டும் மண்டபத்தில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பேசவே இல்லை. கண் இருந்த இடத்தை அவர் கவனிக்கவே இல்லை, நான் ஒரு மாதம் மாரடித்த இடம். ஓட்டுநர் மூடியை நகத்தால் திறக்கப் பார்த்தார், நான் ஒட்டிவிட்டிருந்தேன். அப்புறம் பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது நம்ம தோட்டத்துக் காப்பிக் குச்சிதானே?" என்றார்.