போதும்னா போதுமா?

நெதர்லாந்து வந்த புதுசு, 2016. ஊட்ரெக்ட்ல பக்கத்து வீட்டுல எண்பது வயசு அம்மா ஒருத்தங்க தனியா இருந்தாங்க. செவ்வாய்க்கிழமை காலைல பத்தரைக்கு காபிக்கு வரச் சொன்னாங்க. வீட்டுக்குக் கூப்பிட்டா வயித்துக்கு ஏதாவது இருக்கும்ங்கிறது நம்ம கணக்கு. டிபன் சாப்பிடாமலே போனேன்.

காபியோட ஒரு தகர டப்பா வந்துச்சு. திறந்து நீட்டினாங்க, ஒரு பிஸ்கட் எடுத்தேன். டக்குன்னு மூடிட்டாங்க. ரெண்டாவது காபிக்கு டப்பா மறுபடி நீண்டுச்சு. பசி கிள்ளுது, ஆனா பழக்க தோஷத்துல வாய் "வேண்டாம்"னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல முதல் "வேண்டாம்" கணக்குலயே வராதே! "அட, எடுத்துக்கோங்க"ன்னு இன்னும் ரெண்டு தடவை வரும்னு காத்திருந்தேன். அவங்க தலையாட்டிட்டு டப்பாவை அலமாரில வெச்சுட்டாங்க. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்து, முந்தின நாள் சோத்துல தயிர் ஊத்திச் சாப்பிட்டேன்.

அடுத்த மாசம் அவங்களை தோசைக்குக் கூப்பிட்டேன். அங்க ராச்சாப்பாடு ஆறு மணிக்கு, சரியா 5.58க்கு மணி அடிச்சாங்க. முதல் தோசையைச் சுத்தமா முடிச்சாங்க. தட்டு காலியா இருந்தா நமக்குக் கை சும்மா இருக்குமா? இன்னொண்ணு போட்டேன். "போதும்"னாங்க. சும்மா சொல்றாங்கன்னு மூணாவதும் போட்டேன். முகம் சிவக்க அதையும் முடிச்சாங்க. நாலாவதோட நான் வந்தப்ப தட்டு மேல ரெண்டு கையையும் வெச்சுப் பொத்திக்கிட்டு, கெஞ்சுற மாதிரி பார்த்தாங்க.

அப்புறம்தான் சொன்னாங்க. 1944-45 குளிர்காலத்துல, ஜெர்மன்காரங்க பிடியில இருந்த மேற்குப் பகுதி நகரங்கள்ல பெரிய பஞ்சம். எட்டு வயசுல டூலிப் கிழங்கை வேக வெச்சுத் தின்னவங்களாம். தட்டுல விழுந்ததை மிச்சம் வைக்க அவங்களால முடியாது. காலித் தட்டைப் பார்த்து நான் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன், நான் போடப் போட அவங்க முடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க.

*

அக்கா, உங்களுக்காவது வாயால சொன்னா எடுபட்டுச்சு. எனக்கு அதுவும் இல்ல. ரியாத்ல எலக்ட்ரீசியனா இருந்தேன். ஒரு வீட்டுல ஏசி வேலை முடிஞ்சதும் பெரியவர் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாரு. அவர் மகன் இடது கையில தல்லா, வலது கையில பிஞ்சான். தல்லான்னா மூக்கு நீண்ட காபிக் கூஜா, பிஞ்சான்னா பிடி இல்லாத குட்டிக் கிண்ணம். கஹ்வா மஞ்சளா, ஏலக்காய் வாசனையோட, பால், சீனி ஒண்ணும் கிடையாது. கிண்ணத்துல கால்வாசிக்கு மேல ஊத்த மாட்டாங்க. நான் குடிச்சு நீட்டுவேன், அந்தப் பையன் ஊத்துவான். "போதும் தம்பி"ன்னு தமிழ்ல சொன்னேன், "கலாஸ்"னு அரபியில சொன்னேன், சிரிச்சுக்கிட்டே ஊத்தினான். எட்டு கிண்ணம்! கடைசில பக்கத்துல இருந்த மலையாளி டிரைவர் என் கையைப் பிடிச்சு, கிண்ணத்தை ரெண்டு ஆட்டு ஆட்டி நீட்ட வெச்சாரு. பையன் உடனே வாங்கிக்கிட்டுப் போயிட்டான். கிண்ணத்தை ஆட்டினாத்தான் போதும்னு அர்த்தமாம். ஆட்டாம நீட்டினா "இன்னும் ஊத்து"ன்னுதான் கணக்கு. நம்ம ஊர்ல இலையை மூடுற மாதிரின்னு வெச்சுக்கோங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கம் எங்க வரும்?

*

நான் ஸ்வீடன். இங்கே "போதும்" சொல்லவே வாய்ப்பில்லை. பள்ளித் தோழன் வீட்டுக்கு விளையாடப் போன என் மகனை அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். 2022 மே மாதம் இணையம் முழுக்க இதைத்தான் பேசியது. அதற்கு முன்பே எங்கள் வீட்டில் அது நடந்துவிட்டது. வந்த பிள்ளையின் வீட்டில் உலை வைத்திருப்பார்கள், அதை நாம் கெடுக்கக் கூடாது என்று இங்கே நினைப்பார்கள் என்றார் உடன் வேலை செய்பவர். காரணம் புரிகிறது, மனசு ஆறவில்லை. அந்தத் தோழன் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு பூரி கூடவே வைக்கிறேன்.

*

முதல்ல எழுதினவதான் மறுபடி. ஸ்வீடன் தோழி, பூரியைப் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க! எங்க பக்கத்து வீட்டம்மா இப்ப கணக்கை முதல்லயே பேசிடுறாங்க. வாசல்ல கோட்டைக் கழட்டும்போதே ரெண்டு விரலைக் காட்டுவாங்க. ரெண்டு தோசை. நானும் அவங்க டப்பாவை நீட்டினா, முதல் தடவையே ரெண்டு பிஸ்கட் எடுத்துக்கிறேன்.