என் தீர்மானத்தை நானே டேபிள் செய்த கதை

அமெரிக்கா வந்த புதிதில், இங்குள்ள ஒரு சங்கத்தின் பொதுக்குழுவில் நடந்தது. குழந்தைகளின் தமிழ் வகுப்புக்கு எடுத்திருக்கிற அறை போதவில்லை, வேறு இடம் பார்க்கலாம் என்று மாதக்கணக்காக நச்சரித்து, ஒருவழியாக நிகழ்ச்சி நிரலில் ஏற்றியிருந்தேன். முன்மொழிந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பொருளாளர் எழுந்து, "ஐ மூவ் டு டேபிள் இட்" என்றார்.

நம்ம ஊர் ஆங்கிலப் பேப்பரில் மசோதாவை டேபிள் செய்தார்கள் என்றால், தாக்கல் செய்தார்கள் என்றுதானே படித்து வளர்ந்தோம்? மனுஷன் நம்ம பக்கம்தான் போல என்று பூரித்துப்போய், முதல் ஆளாக "செகண்ட்!" என்று வழிமொழிந்து கை தூக்கினேன். விவாதமே இல்லை. வாக்கெடுத்தார்கள், நிறைவேறியது, தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நான் மட்டும் நாலு பக்க வாடகைக் கணக்கோடு நின்றுகொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலி அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார்: "உட்காருப்பா. உன் தீர்மானத்தை நீயே மூட்டை கட்டிட்டே."

வீட்டுக்கு வந்துதான் ராபர்ட்ஸ் ரூல்ஸ் பக்கம் போனேன். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிநூல். இங்கே சின்னச் சின்னச் சங்கங்கள்கூட இதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அதன்படி 'லே ஆன் த டேபிள்' என்றால் இப்போதைக்கு ஒதுக்கி வை. அதன் மேல் விவாதம் கிடையாது, பெரும்பான்மை போதும். திரும்ப எடுக்க 'டேக் ஃப்ரம் த டேபிள்' என்று தனியாக ஒரு தீர்மானம் வேண்டும். அவசர வேலை குறுக்கிட்டால் மட்டும் பயன்படுத்து என்கிறது புத்தகம். நடைமுறையில் வாயடைக்கத்தான் என்று அன்றைக்கு முடிவுகட்டினேன்.

இதற்கு வந்த பின்னூட்டங்கள்:

கோவைக்காரன்: எனக்கு இது அமெரிக்க கிளையன்ட்டோடு ஆன்லைன் மீட்டிங்கில் நடந்தது. ராத்திரி ஒன்பதரை. "லெட்ஸ் டேபிள் திஸ்" என்றார் அந்தம்மா. சரி, காட்டச் சொல்கிறார் என்று ஸ்க்ரீன் ஷேர் போட்டு முழுசாக மூன்று ஸ்லைடு ஓட்டிவிட்டேன். மேனேஜர் வாட்ஸ்அப்பில் தட்டுகிறார்: "நிறுத்துங்க, அவங்க அப்புறம் பார்க்கலாம்னுதான் சொன்னாங்க."

டொரன்டோ அக்கா: எங்கள் பாடு இன்னும் மோசம். கனடா நாடாளுமன்றத்தில் டேபிள் என்றால் தாக்கல்தான். ஆபீசில் பாதிப் பேர் அமெரிக்க அர்த்தத்தில் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொன்னவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

நூலகப் பூனை: சர்ச்சிலே எழுதியிருக்கிறார், இரண்டாம் உலகப் போர் நினைவுக் குறிப்புகளில். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு அறிக்கையை அவசரமாக எடுத்துப் பேச நினைத்து, 'டேபிள் செய்கிறோம்' என்றார்களாம். அமெரிக்கர்கள் காதில் அது இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவதாக விழுந்தது. வெகுநேரம் காரசாரமாகச் சண்டை. கடைசியில் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான்.

கோவைக்காரன்: அது சரி, வகுப்பு அறை என்ன ஆச்சு?

முதலில் எழுதியவன்: மூன்று மாதம் கழித்து அடுத்த கூட்டத்தில், விதிப்படி 'டேக் ஃப்ரம் த டேபிள்' சொன்னேன். செகண்ட் செய்தது யார் தெரியுமா, அதே பொருளாளர். பிறகு காபி குடிக்கும்போது அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒன்பது மணிக்கு ஹால் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும்பா. பட்ஜெட் வேற பாக்கி இருந்துச்சு. நீ பேச ஆரம்பிச்சா முடிப்பியா?" என்றார்.