வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்த தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் பேசுகிறோம்

பென்னாகரத்துக்காரி:

ஜப்பானில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவள் என்று தெரிந்தால் போதும், பஸ் நிலையத்தில் பார்ப்பவர் முதல் பெரியம்மா வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்? அதில் பெரிய கதை இல்லை. அதுவும் சோறு தின்னும் நாடு. நாட்டோ என்னும் புளித்த சோயாவை மட்டும் கடைசிவரை என்னால் விழுங்க முடியவில்லை. என்னை ஆட்டிவைத்தது தண்ணீர்.

நான் இருந்தது நகானோ மாகாணத்து மட்சுமோட்டோவில். மலைகள் சூழ்ந்த ஊர். தெருவுக்குள்ளேயே ஊற்றுகள். கென்ச்சி கிணறு என்று ஒன்று இருக்கிறது. நீர் தானே மேலே வந்து வழிந்துகொண்டே இருக்கும், போகிறவர் வருகிறவர் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். அதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, எரிச்சல் வந்தது. ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது. கூப்பிடு தூரத்தில் இருந்த நாங்களோ ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோம்.

நான் தங்கிய வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்குப் போகும் ஒரு பையன். இரவில் குளியல். முதலில் வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அதன்பிறகே சுடுநீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அந்த ஒரே தொட்டி நீரில்தான் வீடே மூழ்கி எழும். விருந்தாளி என்று என்னை முதலில் அனுப்புவார்கள். அடுத்து நான்கு பேர் இறங்கப்போகிறார்களே என்ற நினைப்பில் ஒரு முடி உதிர்ந்தாலும் தேடி எடுப்பேன். சூடு ஆறாமல் தொட்டிக்கு மூடி. மறுநாள் காலையில் அந்த நீரைக் குழாய் வைத்து உறிஞ்சித் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு விடுவார் அம்மா. எங்கள் பக்கம் பாத்திரம் கழுவிய நீரை முருங்கைக்கு ஊற்றுகிறவர்கள் கூட அவரிடம் தோற்றுப்போவார்கள்.

குளிர்காலத்தில் இன்னொரு வேலை. பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவுகளில், படுக்குமுன் குழாய்களில் இருக்கும் நீரை வடித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் உறைந்து குழாய் வெடித்துவிடும். அதற்கென்றே தனி வால்வு உண்டு. தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிற ஊரிலிருந்து போனவள், தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுப் படுத்தேன்.

இனி பல் விவகாரம். அந்த ஃபுளோரைடு தண்ணீரால் நம் பக்கத்தில் பலருக்கு இருப்பதுபோல எனக்கும் முன்பற்களில் பழுப்புக் கறை. சிறு வயதில் பல் உருவாகும்போதே ஏறிவிடும் கறை அது. பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. அதனால் கையால் வாயை மறைத்துச் சிரிப்பது என் பழக்கம். அங்கே பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் சிரிக்கிறார்கள்! பல மாதங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசியில் பாட்டிதான் கண்டுபிடித்தார். நான் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டு, தம் பாட்டிக்குப் பற்கள் கறுப்பு என்றார். ஒரு காலத்தில் அங்கே மணமான பெண்கள் இரும்புக் கரைசலால் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வதே அழகாம். மெய்ஜி மன்னர் காலத்துக்குப் பிறகு மெல்ல மறைந்துபோன வழக்கம். கறையே அழகு என்று நினைத்த ஊரும் இருந்திருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

அந்த வீட்டு அப்பாவிடம், காவிரி நீரை எங்கள் பக்கம் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைச் சொன்னேன். ஜப்பான் அரசின் ஜைகா என்னும் உதவி நிறுவனத்தின் நிதியோடு கட்டியது, 2013-இல் திறந்தார்கள் என்றேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. 'கொடையா, கடனா?' என்று கேட்டார். கடன்தான் என்றேன். 'அப்படியானால் எனக்கு நன்றி சொல்லாதே' என்று சிரித்துவிட்டார்.

ஊத்தங்கரைக்காரர்:

நான் ஜெர்மனியில். சாப்பாடு கதையே இல்லை என்று அக்கா சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவு ஏழு மணிக்கு மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரித் துண்டு. அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். சூடான குழம்பில்லாமல் தூக்கம் வராத எனக்கு அது பெரிய தண்டனை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. சுவரில் துளைபோடக் கூடாது, சத்தம் கூடாது. நம் ஊரில் ஞாயிறன்றுதான் ஒலிபெருக்கியே கட்டுகிறோம். காலித் தண்ணீர் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால், வாங்கும்போது கட்டிய முன்பணம் 25 யூரோ செண்ட் திரும்ப வரும். அந்த வேலையை வீட்டில் எனக்கே கொடுத்துவிட்டார்கள். பனி கொட்டும் காலையிலும் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து அறைக் காற்றை மாற்றுவார்கள். நான் போர்வையோடு நிற்பேன்.

அரூர் அப்பா:

மகள் வரும் ஏப்ரலில் ஜப்பான் போகிறாள், அங்கே கல்லூரி தொடங்குவது அப்போதுதானாம். சுத்த சைவம். பென்னாகரத்து அம்மணி, வழி சொல்லுங்கள்.

பென்னாகரத்துக்காரி:

அண்ணா, 'இறைச்சி சாப்பிடமாட்டாள்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், மீன் தருவார்கள். மீனை நிறுத்தினாலும், மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் வைக்கும் சூப்பில் ஒரு மீன் துண்டும் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அதன் சாறே காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்ததாக இருக்கும். கொம்பு என்னும் கடற்பாசியிலோ உலர்ந்த காளானிலோ சாறு எடுக்கும் முறையும் அவர்களிடம் உண்டு. அதைப் பெயர் சொல்லியே கேட்கட்டும், முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். கைச்செலவுக்கு, அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். முதல் சில மாதம் வேண்டாம், மொழி பிடிபடட்டும்.

பாசத்தில் பச்சைக் கறிவேப்பிலையையும் மாங்காயையும் பெட்டியில் திணித்துவிடாதீர்கள். விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டில் அரைத்த பொடியையும் கேட்டால் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள்.